சரயேவோ போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொஸ்னியாவின் தலைநகரான சரயேவோவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். ஒன்று அக்டோபரில், இன்னொன்று புத்தி கெட்டுப்போய் ஜனவரியில். திரும்பி வந்த நாளிலிருந்து தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் ஒரே கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். இனி இந்தப் பக்கத்தை அனுப்பிவிடுவதாக உத்தேசம்.

எத்தனை நாள் வேண்டும்? குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

திரும்பலாம், ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததுதான் ஞாபகம் இருக்கும். குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். சின்ன ஊர்தான், நகர எல்லைக்குள் 2.75 லட்சம் பேர்தான் இருப்பார்கள். ஆனால் ஓடி ஓடிப் பார்த்தால் இந்த ஊர் கையில் சிக்காது.

முதலில் ஊரின் அமைப்பைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் மில்யாட்ஸ்கா என்று ஒரு சிற்றாறு, அதன் கரையோரமாகக் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது ஊர். கிழக்குக் கோடியில் பாஷ்சார்ஷியா, அதாவது 15ஆம் நூற்றாண்டில் ஒட்டோமானியர் தொடங்கிய கடைவீதி. அங்கிருந்து மேற்கே நடந்தால் ஃபெர்ஹாதியா என்ற தெருவில் ஓர் இடத்தில் தரையில் கோடு போட்டு வைத்திருப்பார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் தாழ்ந்த ஓட்டுக் கூரைகளும் மினாரும், திரும்பி நின்றால் வியன்னாவில் இருப்பது போன்ற மாடி வீடுகள். 1878இல் ஆஸ்திரியா-ஹங்கேரிக்காரர்கள் வந்து கட்டியவை அவை. இன்னும் மேற்கே போனால் யூகோஸ்லாவிய காலத்து அடுக்குமாடிகள், கடைசியில் இலிஜா என்ற புறநகர். வழி தவறினால் ஆற்றைத் தேடிப் போங்கள், போதும்.

விசா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. ஆனால் கையில் பலமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவோ (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) அமெரிக்க விசாவோ செல்லுபடியில் இருந்தால், பொஸ்னியா தனி விசா கேட்காமல் 30 நாள் வரை இருக்க விடுகிறது. விதிகள் மாறும், அதனால் டிக்கெட் போடும் முன் பொஸ்னிய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரிட்டன், கனடா, ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசாவே வேண்டாம்.

பலர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். பொஸ்னியா ஷெங்கனில் இல்லை, ஆனால் பக்கத்து குரோஷியா 2023 ஜனவரியிலிருந்து ஷெங்கனில் இருக்கிறது. ஒற்றை நுழைவு விசாவில் குரோஷியாவுக்கு வந்துவிட்டு "அப்படியே சரயேவோவையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்று கிளம்பினால், முதலில் பொஸ்னியாவுக்குள்ளேயே விடமாட்டார்கள், எப்படியோ போய்விட்டாலும் திரும்பி வர வழியில்லை. நல்ல செய்தி என்னவென்றால், பொஸ்னியாவில் கழிக்கும் நாட்கள் ஷெங்கன் நாள் கணக்கில் சேராது.

தனியார் வீட்டில் தங்கினால், உங்களை வெளிநாட்டவராகப் பதிவு செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. செய்தாரா என்று கேட்டு அந்தச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலில் அவர்களே செய்துவிடுவார்கள்.

எப்படிப் போய்ச் சேருவது?

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேர் விமானம் கிடையாது. துபாய் வழியாக ஃப்ளைதுபாய், இஸ்தான்புல் வழியாக டர்கிஷ், ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு வியன்னா அல்லது மியூனிக். விமான நிலையம் பழைய கடைவீதியிலிருந்து 12 கிலோமீட்டருக்குள்தான். பாஷ்சார்ஷியாவுக்கு ஒரு பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி ஓடாது. இல்லையென்றால் டாக்ஸி, மீட்டர் போடச் சொல்லிவிட்டு ஏறுங்கள். ஊபர் இங்கே இல்லை.

குளிர்காலத்தில் ஒரு சிக்கல்: பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கிவிட்டால் விமானம் இறங்காது. டிசம்பர், ஜனவரியில் அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேர இடைவெளி வைத்து டிக்கெட் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். ஒரு இரவு முழுக்க வேறொரு ஊர் விமான நிலைய நாற்காலியில் கழிந்தது.

பணம்? யூரோ செல்லுமா?

நாணயத்தின் பெயர் மார்க். ஜெர்மனியே கைவிட்டுவிட்ட பெயர் இங்கே உயிரோடு இருக்கிறது. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்று சட்டத்தாலேயே கட்டி வைத்திருப்பதால் கணக்கு சுலபம், விலையைப் பாதியாக்கினால் யூரோ. கடைவீதியில் யூரோ நோட்டை வாங்கிக்கொள்வார்கள், மீதி மார்க்கில் வரும். சின்னச் சாப்பாட்டுக் கடை, டிராம், பஸ்ஸில் பெட்டிக்கான கட்டணம் எல்லாம் ரொக்கம்தான், கார்டை நீட்டினால் உதட்டைப் பிதுக்குவார்கள். எல்லை தாண்டிவிட்டால் மார்க்கை மாற்றுவது பெரும்பாடு என்பதால் கடைசி நாளில் கையில் இருப்பதைச் சாப்பிட்டே தீர்த்துவிடுங்கள். டிப்ஸுக்கு அவர்களிடம் இருக்கும் சொல் 'பக்ஷிஷ்', நம் பக்ஷீஸேதான். சில்லறையை மேலே முழுமையாக்கிக் கொடுத்தால் போதும்.

எந்தப் பகுதியில் அறை எடுக்கலாம்?

கடைவீதியின் பக்கத்தில், ஆனால் சமதரையில்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் "பாஷ்சார்ஷியாவிலிருந்து 600 மீட்டர்" என்று இருக்கும், விலையும் பாதி இருக்கும். அந்த 600 மீட்டர் கிடைமட்டமா செங்குத்தா என்று வரைபடம் சொல்லாது. நான் அக்டோபரில் எடுத்த அறை அப்படித்தான், ஆற்றுக்குத் தென்பக்க மலைச்சரிவில் இருந்தது. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு கருங்கல் பதித்த சந்தில் ஏறினேன், பாதியில் ஒரு சக்கரம் கழன்று கீழே உருண்டு போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதை எடுக்கக் கீழே போனால் மறுபடி ஏற வேண்டுமே! ஒரு பாட்டி ஜன்னலைத் திறந்து "பொலாகோ, பொலாகோ" என்றார். மெதுவா மெதுவா என்று அர்த்தம். இந்த ஊரில் அதிகம் காதில் விழும் சொல்லும் அதுதான். அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிந்தது உண்மைதான், ஆனால் பெரியவர்களோடு போகிறவர்களும் பனிக்காலத்தில் போகிறவர்களும் அந்தக் காட்சிக்கு ஆசைப்பட வேண்டாம். கொஞ்சம் அமைதி வேண்டுமென்றால் மரியின் த்வோர் பகுதியில் தங்கலாம், அருங்காட்சியகங்களும் ரயில் நிலையமும் பக்கம்.

டிராமில் போவது எப்படி?

1885இல் குதிரை இழுத்த டிராமோடு தொடங்கிய ஊர் இது. பயணிக்கு 3ஆம் எண் ஒன்றே போதும், பாஷ்சார்ஷியாவிலிருந்து இலிஜா வரை ஊரை நீளவாக்கில் கடக்கும். ரயில் நிலையம் போக 1ஆம் எண். டிக்கெட்டைச் சாலையோரப் பெட்டிக்கடையில் வாங்குவது மலிவு. ஏறியதும் அதை இயந்திரத்தில் பதிய வேண்டும், பதியாத டிக்கெட் இல்லாத டிக்கெட்டுக்குச் சமம். பரிசோதகர்கள் சுற்றுலாப் பயணி என்று பார்க்கமாட்டார்கள். பழைய ஊர்ப் பக்கம் டிராம் ஒரு வட்டமாகச் சுற்றித் திரும்புகிறது, அதனால் இறங்கிய நிறுத்தத்திலேயே திரும்பிப் போகும் டிராமுக்கு நின்றால் அது உங்களை வேறு பக்கம் கூட்டிப்போகும்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான், நான்தான் இதைக் கீழே தள்ளிவிட்டேன்.

பயப்பட ஒன்றுமில்லை. 'பீத்தா' என்று ஒன்று உண்டு, காகிதம் போல இழுத்த மாவுக்குள் பூரணம் வைத்துச் சுருட்டி, நத்தை ஓடு மாதிரி சுற்றி, பெரிய வட்டத் தட்டில் வேகவைப்பது. நல்ல கடைகளில் இரும்பு மூடியைக் கவிழ்த்து அதன் மேல் தணலை அள்ளிப் போட்டுச் சுடுகிறார்கள். நம் ஊரில் தம் போடுவதைப் பார்த்தவர்களுக்குப் பார்த்ததும் புரியும். மற்ற பால்கன் நாடுகளில் இதன் எல்லா வகையையும் புரெக் என்பார்கள், பாலாடைக்கட்டி புரெக், கீரை புரெக் என்று. பொஸ்னியாவில் அப்படிச் சொன்னால் முகம் மாறும். இங்கே புரெக் என்றால் இறைச்சி வைத்தது மட்டும். சைவக்காரர்களுக்கு இந்தப் பிடிவாதம் பெரிய உபகாரம். 'புரெக்' என்ற பெயர் இருந்தால் தொடாதீர்கள், முடிந்தது கதை.

கேட்க வேண்டியவை: சிர்னிட்சா (பாலாடைக்கட்டி), ஸெல்யானிட்சா (கீரையும் பாலாடைக்கட்டியும்), க்ரொம்பிருஷா (உருளைக்கிழங்கு). என் ஓட்டு க்ரொம்பிருஷாவுக்கு. உள்ளே மிளகு தாராளமாக இருக்கும், மசாலா இல்லாத சமோசா என்று வைத்துக்கொள்ளலாம். எடை போட்டுக் கொடுப்பார்கள், கால் கிலோ ஒரு ஆளுக்கு நிறைவு. மேலே பவ்லாகா என்ற புளித்த பாலேடு ஊற்றட்டுமா என்று கேட்பார்கள், சரி சொல்லுங்கள். முட்டையும் சாப்பிடாதவர்கள் க்ரொம்பிருஷாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அதிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏமாறக்கூடிய இடங்கள் சூப்பும் பீன்ஸும். காய்கறி சூப்பில் எலும்புச்சாறு இருக்கும், 'க்ராஹ்' என்ற பீன்ஸ் குழம்பில் உலர்ந்த இறைச்சித் துண்டு மிதக்கும். "இறைச்சி சாப்பிடமாட்டேன்" என்றால் கோழி கொண்டுவரும் கடையும் உண்டு, ஆகவே "பெஸ் மேசா" (இறைச்சி இல்லாமல்) என்று சொல்லிவிட்டு, எலும்பு சூப்பும் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள்.

தயிர் இல்லாமல் இருக்க முடியாதவர்கள் கடையில் 'யோகுர்த்' வாங்கி ஏமாறாதீர்கள், அது மோர் மாதிரி குடிக்கிற பதம். 'கிசெலோ ம்லியெகோ' என்று எழுதிய டப்பாவைத் தேடுங்கள், உறைந்த தயிர் அதுதான். ஊறுகாய் பாட்டில் பையில் இருந்தால் கவலையே இல்லை.

அசைவம்?

செவாப்பி. விரல் நீளத்தில் பிடித்த கொத்துக்கறியைக் கரியில் சுட்டு, சொமுன் என்ற உப்பலான ரொட்டிக்குள் ஐந்தோ பத்தோ அடுக்கி, பக்கத்தில் பச்சை வெங்காயம் வைத்துத் தருவார்கள். சரயேவோவில் இது மாட்டிறைச்சி, அது வேண்டாதவர்கள் கோழி இருக்கிறதா என்று கேட்கலாம். பழைய கடைவீதியில் பெரும்பாலும் ஹலால்தான், பன்றி இறைச்சி கண்ணில் படாது, பல கடைகளில் பீரும் கிடையாது. ஐந்து போதும். பத்து கேட்டுவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்தக் காபியில் அப்படி என்ன இருக்கிறது?

துருக்கிக் காபி என்று கேட்காதீர்கள், அது முதல் பாடம். இங்கே பொஸ்னியக் காபி. ஒரு செப்புத் தட்டு வரும். அதில் ஜெஸ்வா என்ற நீளக் கைப்பிடிச் செம்பு, ஃபில்ஜான் என்ற காதில்லாத சிறு கிண்ணம், சர்க்கரைக் கட்டி, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு துண்டு ரஹத்லோகும் மிட்டாய். மேலே நிற்கும் நுரையைக் கரண்டியால் எடுத்துக் கிண்ணத்தில் இட்டு, பிறகு மெதுவாக ஊற்ற வேண்டும். சர்க்கரைக் கட்டியைக் காபியில் ஒரு நொடி தொட்டு, நனைந்த முனையைக் கடித்துவிட்டு, அதன் மேல் ஒரு வாய் காபி. சர்க்கரைக்கு அவர்கள் சொல்வது 'ஷெச்செர்', துருக்கி, பாரசீகம் வழியாகப் போய்ச் சேர்ந்த அதே சர்க்கரைதான். அடியில் மண்டி தங்கும், அதைக் குடித்துவிடாதீர்கள்.

ஒரு காபிக்கு ஒரு மணி நேரம் உட்காரலாம், யாரும் பில்லைக் கொண்டுவந்து வைக்கமாட்டார்கள். பத்து நிமிடத்தில் எழுந்தால்தான் காபி பிடிக்கவில்லையா என்று கேட்பார்கள். உள்ளே சிகரெட் புகை அதிகம், ஒவ்வாதவர்கள் வெளியே போட்டிருக்கும் முக்காலியில் உட்காரலாம்.

பாதுகாப்பா? பெண்கள் தனியாகப் போகலாமா?

இரவில் நடுத்தெருவில் நடக்க எனக்கு எங்கும் தயக்கம் வரவில்லை, தனியாகப் போய் வந்த என் தோழியும் அதையேதான் சொன்னாள். கூட்டமான டிராமில் பணப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், ஜேப்படி உண்டு.

உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. 1992-95 போர்க்காலக் கண்ணிவெடிகள் பொஸ்னியாவில் இன்னும் முழுமையாக அகற்றப்படவில்லை. ஊருக்குள் பிரச்சினை இல்லை. மலைக்குப் போனால் அடையாளமிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள், மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகையைப் பார்த்தால் வந்த வழியே திரும்புங்கள், பாழடைந்த வீட்டுக்குள் போட்டோ எடுக்க நுழையாதீர்கள். அவசர எண்கள்: போலீஸ் 122, தீயணைப்பு 123, ஆம்புலன்ஸ் 124.

போர் நடந்த இடங்களில் எதைப் பார்ப்பது? அங்கே இருப்பவர்களிடம் அதைப் பற்றிக் கேட்கலாமா?

பொஸ்னிய செர்பியப் படைகள் ஊரைச் சுற்றி வளைத்த முற்றுகை 1992 ஏப்ரல் தொடக்கத்திலிருந்து 1996 பிப்ரவரி கடைசி வரை நீடித்தது. சுற்றியிருந்த மலைகளில் பீரங்கிகள், கீழே பள்ளத்தாக்கில் ஊர். மஞ்சள் கோட்டை என்று சொல்லும் 'ஷூத்தா தாபியா' மேட்டில் மாலையில் ஏறி நின்றால், யாரும் விளக்காமலே புரிந்துவிடும், ஊரின் ஒவ்வொரு கூரையும் அங்கிருந்து தெரிகிறது. ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்க இப்போதும் பீரங்கி வெடிப்பது அங்கேதான்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் விமான நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சுரங்கத்துக்குப் போங்கள். ஓடுபாதைக்கு அடியில் 1993இல் கையால் தோண்டியது, சுமார் 800 மீட்டர் நீளம், உணவு, மருந்து, ஆயுதம், ஆட்கள் எல்லாம் இதன் வழியாகத்தான். இப்போது சிறு பகுதிக்குள் மட்டும் விடுகிறார்கள். நிமிர்ந்து நடக்க முடியாது, குனிந்தபடி இருபது எட்டு வைத்ததுமே எனக்குக் கழுத்து வலித்தது. டிராம் 3இல் இலிஜா வரை போய், அங்கிருந்து 32ஆம் எண் பஸ்ஸில் போகலாம். நான்கு பேர் சேர்ந்தால் டாக்ஸியே நல்லது.

மற்றவை நடந்து போகும்போதே எதிர்ப்படும். நடைபாதையில் பூ மாதிரி சிவப்பாக ஒரு தழும்பு தெரிந்தால், அது குண்டு விழுந்த பள்ளத்தில் சிவப்புப் பிசின் ஊற்றி வைத்தது, சரயேவோ ரோஜா என்பார்கள். மிதிக்காமல் சுற்றிப் போங்கள். மர்காலே காய்கறிச் சந்தையில் 1994 பிப்ரவரி 5 அன்று ஒரே குண்டில் 68 பேர் இறந்தார்கள். அதே இடத்தில் இன்றும் தக்காளி விற்கிறார்கள், பின்சுவரில் பெயர்கள் இருக்கின்றன. வியெச்னிட்சா என்ற பழைய நகர்மன்றம் தேசிய நூலகமாக இருந்தபோது 1992 ஆகஸ்டில் எரிக்கப்பட்டது. 2014இல் மீண்டும் திறந்தார்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்தவர்கள் அந்த வண்ணக் கண்ணாடிக் கூரையின் கீழ் கொஞ்ச நேரம் அதிகமாகவே நிற்பார்கள் என்று நினைக்கிறேன்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு போர்க்காலக் குழந்தைப்பருவ அருங்காட்சியகத்தைச் சொல்வேன், ரத்தம் இருக்காது, பொம்மை, சைக்கிள், நாட்குறிப்பு என்று ஒவ்வொரு பொருளுக்குக் கீழும் அதை வைத்திருந்தவரின் சில வரிகள். ஒரே நாளில் இவை எல்லாவற்றையும் அடுக்காதீர்கள்.

பேசுவது பற்றி: அவர்களாகத் தொடங்கினால் கேளுங்கள். நாற்பது தாண்டிய யாரைப் பார்த்தாலும் முற்றுகை அவர்கள் நினைவில் இருக்கும். "நீங்க எந்தப் பக்கம்?", "நீங்க முஸ்லிமா செர்பியரா?" என்பவை காபிக் கடையில் கேட்கிற கேள்விகள் அல்ல.

1914இல் இளவரசரைச் சுட்ட இடம்?

லத்தீன் பாலத்துக்கு எதிரே உள்ள தெருமுனை. ஜூன் 28 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் மனைவி சோஃபியையும் சுட்டது அங்கேதான், அதன் பிறகு முதல் உலகப் போர் மூண்டது தெரிந்த கதை. இப்போது அது ஒரு சாதாரண தெருமுனை, சின்ன அருங்காட்சியகம், போட்டோ எடுத்துவிட்டு நகர ஐந்து நிமிடம் போதும்.

பெரிய மசூதிக்குப் பக்கத்தில் இருக்கும் மணிக்கூண்டு தப்பான நேரம் காட்டுகிறதே?

தப்பில்லை. அது சந்திரக் கணக்கில் ஓடும் கடிகாரம், சூரியன் மறையும்போது 12 காட்டும். அந்தியின் நேரம் நாளுக்கு நாள் நகர்வதால் ஒருவர் மேலே ஏறி அடிக்கடி சரிசெய்கிறார். பக்கத்தில் இருக்கும் காஸி ஹுஸ்ரெவ்-பேக் மசூதி 1531ஆம் ஆண்டுக் கட்டடம். தொழுகை நேரம் தவிர உள்ளே விடுவார்கள், பெண்கள் தலையை மூட ஒரு துப்பட்டா கொண்டுபோங்கள்.

ரோப் கார்?

கட்டாயம் போங்கள். ட்ரெபெவிச் மலைக்குப் போகும் இந்தக் கம்பிவட ஊர்தி போரில் அழிந்து, 2018 ஏப்ரல் 6 அன்றுதான் மறுபடி ஓடத் தொடங்கியது. வெளிநாட்டவருக்கு டிக்கெட் கூடுதல், புலம்பிப் பயனில்லை. மேலே 1984 குளிர்கால ஒலிம்பிக்குக்குக் கட்டிய பாப்ஸ்லெட் தடம் காட்டுக்குள் பாம்பு மாதிரி கிடக்கிறது, முழுக்க ஸ்ப்ரே ஓவியம். அந்தக் கான்கிரீட் ஓடைக்குள் நடந்தே இறங்கலாம். மழை பெய்திருந்தால் வேண்டாம், நான் வழுக்கிய இடத்தில் ஒரு ஆறு வயதுப் பையன் என்னைத் தூக்கிவிட வந்தான்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர். ஆகஸ்டில் திரைப்பட விழா, அறை விலை ஏறும். டிசம்பர், ஜனவரியில் பனிச்சறுக்குக்கு யஹோரினாவோ பியெலாஷ்னிட்சாவோ போகிறவர்கள் போகட்டும், ஊருக்குள் தங்குவதற்கு அது காலமில்லை. விறகும் நிலக்கரியும் எரிக்கும் புகை, மலைகளுக்கு நடுவே மேலே போகமுடியாமல் மூடி போட்டது போல் நின்றுவிடும். நான் போனபோது மூன்றாம் நாள் சட்டைக் காலர் கறுத்திருந்தது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களை விட்டுவிடுங்கள்.

அங்கிருந்து மோஸ்தார், பெல்கிரேட் எப்படிப் போவது?

மோஸ்தாருக்கு ரயில். சுமார் இரண்டு மணி நேரம், மலையைச் சுற்றி இறங்கி நெரெத்வா ஆற்றோடு கூடவே போகும். ஒரு நாளைக்கு ஓரிரு வண்டிதான், நேரத்தை முந்தின நாளே நிலையத்தில் கேளுங்கள்.

செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்கு ரயில் கிடையாது, பஸ்தான். இங்கே ஒரு பொறி. சரயேவோவில் இரண்டு பஸ் நிலையம் இருக்கிறது. ரயில் நிலையத்தை ஒட்டியது ஒன்று. இன்னொன்று கிழக்கு சரயேவோவில், லுகாவிட்சா என்ற இடத்தில். பெயரில் கிழக்கு என்றாலும் அது இருப்பது ஊரின் தென்மேற்கே, விமான நிலையத்துக்குப் பக்கத்தில். பொஸ்னியா நிர்வாக ரீதியாக இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருப்பதன் விளைவு இது. செர்பியாவுக்கும் மாண்டினீக்ரோவுக்கும் போகிற பஸ்கள் நிறைய அங்கிருந்துதான் கிளம்புகின்றன. 103ஆம் எண் டிராலி பஸ்ஸில் டொப்ரின்யா கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் வந்துவிடும். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று இருமுறை பாருங்கள். பெட்டிக்கு டிரைவரிடம் தனியாகச் சில்லறை கொடுக்க வேண்டும்.

போன், பிளக், தண்ணீர்?

ஐரோப்பிய ஒன்றிய ரோமிங் இங்கே செல்லாது, குரோஷிய சிம் எல்லையில் காசைக் கரைத்துவிடும். உள்ளூர் சிம் வாங்குங்கள். பிளக் இரண்டு உருளை முனை, நம் மூன்று முனை சார்ஜருக்கு அடாப்டர் வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். பாஷ்சார்ஷியா நடுவில் செபில் என்ற மரத்தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது, அதில் குடித்தவர் திரும்பி வருவார் என்பது ஊர் நம்பிக்கை. நான் குடித்தேன், ஜனவரியில் திரும்பி வந்தேன், ஆகவே மாதத்தையும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள்.

என்ன வாங்கி வரலாம்?

கஸாஞ்சிலுக் என்ற சந்தில் கன்னார்கள் இன்றும் உட்கார்ந்து செம்பு தட்டுகிறார்கள். சத்தம் கேட்கும் கடையில் வாங்குங்கள், சத்தமில்லாமல் பளபளக்கும் கடைகளில் இருப்பது பல நேரம் ஆலையில் அச்சடித்தது. கையால் தட்டிய ஜெஸ்வாவில் சுத்தியல் பட்ட தடங்கள் ஒரே சீராக இருக்காது, உள்ளே ஈயம் பூசியிருக்கும். நான் வாங்கிய கடைக்காரர், இதில் காபி தவிர வேறு எதையும் காய்ச்சாதே, புளிப்பு ஆகாது என்று சைகையிலேயே சொல்லி அனுப்பினார். காபித்தூளையும் அங்கேயே வாங்குங்கள், மாவு மாதிரி அரைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அது தீர்ந்ததும் நம் சிக்கரி கலந்த ஃபில்டர் தூளைப் போட்டுப் பார்த்தேன். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, மண்டி அடியில் தங்கவே இல்லை, அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு அந்தச் செம்பில் இப்போது உப்பு போட்டு வைத்திருக்கிறாள்.